எலும்புக்கு ஒரு கொழுகொம்பு

குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் லேசாக அடிபட்ட ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். காயம் இல்லை, ரத்தம் இல்லை. “ஒன்றுமில்லை, விடு” என்று அவரும் எழுந்து போய்விட்டார். இரண்டு மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கிறது. வயதானவர்களுக்கு அடிக்கடி வருகிற சிக்கல் இது. மண்டை ஓட்டில் ஒன்றோ இரண்டோ துளை போட்டு, தேங்கிய ரத்தத்தை வெளியேற்றுவார்கள். பெரும்பாலானோர் நன்றாகத் தேறிவிடுவார்கள்.

ஆனால் அந்தத் துளை என்ன ஆகும்? அதன் விட்டம் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. மேலே தோல் மூடிக்கொள்ளும், அடியில் எலும்பு மூடாது. நாளடைவில் தோல் உள்ளே அமுங்கி, தலையைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிற குழியாக நின்றுவிடும்.

சிங்கப்பூரில் ஆராய்ச்சியாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து இந்தக் குழிக்கு ஒரு அடைப்பான் செய்தார்கள். காளான் போன்ற குடையும் குட்டைத் தண்டும் உள்ள ஒரு வெள்ளைப் பொத்தான். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் தெரியும், அத்தனை துளைகள். மண்டை ஓட்டில் உள்ள ஒரு பெரிய ஓட்டையை நூற்றுக்கணக்கான சின்ன ஓட்டைகளைக் கொண்டு அடைக்கிறார்கள்! உடலின் திசுக்களை மீண்டும் வளரவைக்கும் திசுப் பொறியியல் என்ற துறையைப் புரிந்துகொள்ள இந்தப் பொத்தானைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. அது ஏன் ஓட்டையாக இருக்கிறது, அந்த ஓட்டைகளை ஏன் 3டி அச்சு இயந்திரத்தில் அச்சிட்டுச் செய்கிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தால் விஷயத்தின் பாதி பிடிபட்டுவிடும்.

எலும்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் திறமைசாலி. கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் போதும், சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். முறிந்த இரு முனைகளும் பக்கத்தில் இருக்கும்வரைதான் இந்தத் திறமை. இடைவெளி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் எலும்பு செல்கள் ஓரத்திலேயே நின்றுவிடும். அவை நீந்தும் செல்கள் அல்ல. எதையாவது பற்றிக்கொண்டுதான் நகரும், பற்றிக்கொண்டுதான் பெருகும். பற்ற ஒன்றுமில்லாத இடைவெளியில் தழும்புத் திசு முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும்.

பாகற்கொடியை வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. விதையும் மண்ணும் தண்ணீரும் சரியாக இருந்தாலும் பந்தல் இல்லாவிட்டால் கொடி தரையில் சுருண்டு கிடக்கும். கொழுகொம்பு ஒன்றை நட்டுவிட்டால் பற்றுக்கம்பியை நீட்டி, தானே வழி கண்டுபிடித்து ஏறும். செல்களுக்கு நாம் கட்டித் தருகிற அந்தக் கொழுகொம்புதான் சாரம். வீடு கட்டும்போது சவுக்குக் கம்புகளைக் கட்டி நிறுத்துகிறோமே, அதே பெயரைத்தான் இங்கும் வைத்திருக்கிறார்கள். சென்ட்ரிங் பலகையோடும் ஒப்பிடலாம். கான்கிரீட் இறுகும்வரை அது பாரத்தைத் தாங்குகிறது, இறுகியதும் அதற்கு வேலை இல்லை. கொத்தனார் பலகையைக் கழற்றி எடுத்துப்போவார், உடலுக்குள் இருக்கிற சாரத்தை யார் கழற்றுவது? அதுவே கரைந்து போக வேண்டும். கரையும் தையல் நூலைப் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பத்துப் பொருட்கள்தான் இங்கும் பயன்படுகின்றன.

இந்த எண்ணம் ஒரு துறையாக உருவெடுத்ததில் பாஸ்டனைச் சேர்ந்த இருவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஜோசப் வக்கான்டி குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்தவர். தானமாகக் கிடைக்கும் உறுப்புகள் போதாமல் குழந்தைகள் இறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். ராபர்ட் லாங்கர், எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பாலிமர்களை, அதாவது பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, ஆராய்ந்த வேதிப் பொறியாளர். 1980களில் ஒருமுறை கடற்கரையில் இருந்தபோது, தண்ணீருக்குள் கிளை விரித்து அலையும் கடற்பாசியைப் பார்த்துத்தான் வக்கான்டிக்குப் பொறி தட்டியதாம். செல்களைக் கட்டியாக அடைத்தால் நடுவில் உள்ளவை மூச்சுத் திணறி இறந்துவிடும். கடற்பாசியைப் போலக் கிளைகிளையாகப் பரப்பினால் ஒவ்வொரு செல்லுக்கும் உணவு போய்ச் சேரும். 1993இல் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைத்தான் இந்தத் துறையில் நுழைகிறவர்கள் இன்றும் முதலில் படிக்கிறார்கள்.

சரி, சாரம் என்றால் நடைமுறையில் அது எப்படி இருக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் முன்னால் அதன் வெற்றிடத்தைப் பற்றிப் பேச வேண்டும். பொதுவாக ஒரு பொருளைச் செய்கிறவர் கெட்டியான பகுதியைத்தான் கவனிப்பார். சாரம் செய்கிறவருக்குக் கெட்டியான பகுதியைவிடக் காலியான பகுதி முக்கியம், ஏனென்றால் புது எலும்பு வரப்போவது அங்கேதான். எலும்புக்கான சாரத்தில் பாதிக்கு மேல் வெற்றிடமாகவே இருக்கும். நூற்றுக்கு 60, 70 பங்கு வெற்றிடம் இருப்பது சாதாரணம்.

துளையின் அளவும் முக்கியம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். எலும்பு செல் ஒன்றின் அளவு ஏறத்தாழ 20 மைக்ரான். அப்படியென்றால் 30 மைக்ரான் துளை போதுமே என்று தோன்றும். போதாது. செல் மட்டுமா உள்ளே போகிறது? அதன் பின்னாலேயே ரத்தக் குழாயும் போக வேண்டும். உணவு உள்ளே வர வேண்டும், கழிவு வெளியேற வேண்டும். துளை 100 மைக்ரானுக்குக் குறைவாக இருந்தால் எலும்பு திணறும், 300 மைக்ரானுக்கு மேல் இருந்தால் ரத்தக் குழாய்களும் தாராளமாக நுழைந்து எலும்பு நன்றாக வளரும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகத் துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது. சாரம் பலவீனமாகிவிடும், செல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எட்ட முடியாமல் தவிக்கும்.

அளவைவிட நுணுக்கமான இன்னொரு விஷயம் இருக்கிறது. இட்லியிலும் துளைகள் உண்டு, இடியாப்பத்திலும் இடைவெளிகள் உண்டு. இட்லியைப் பிட்டுப் பார்த்தால் பல துளைகள் தனித்தனிக் குமிழிகளாக, நாலு பக்கமும் சுவரோடு மூடிக் கிடக்கும். இடியாப்பத்தில் எந்த இடைவெளியிலிருந்தும் எந்த இடைவெளிக்கும் வழி இருக்கும், குழம்பை ஊற்றினால் அடிவரை இறங்கிவிடும். சாரம் இடியாப்பம் மாதிரி இருக்க வேண்டும். எத்தனை துளைகள் இருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வாசல் இல்லையென்றால் செல்லுக்கு அது பூட்டிய அறைதான்.

அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பு சாரம் செய்த முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது உப்பு முறை. பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்து, சலித்த உப்புக் கற்களை அதில் கலந்து, இறுகவிடுவார்கள். பிறகு தண்ணீரில் போட்டுவிடுவார்கள். உப்பு கரைந்து போன இடமெல்லாம் துளை. துளை 300 மைக்ரான் வேண்டுமென்றால் அந்த அளவுக்குச் சலித்த உப்பைப் போட்டால் போதும்! எளிமையான, செலவில்லாத, அழகான யோசனை. மாவு புளித்து நுரைப்பதைப் போல வாயுவால் நுரைக்க வைத்த முறையும், உறைய வைத்துப் பனியை நீக்கிய முறையும்கூட இருந்தன, இருக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றுதான். துளைகள் எங்கே அமையும் என்பது நம் கையில் இல்லை. இரண்டு உப்புக் கற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே வாசல் உண்டாகும், தொடாவிட்டால் சுவர். நடுவில் மாட்டிக்கொண்ட உப்பு கரையாமலே கிடக்கலாம். இன்று செய்ததும் நாளை செய்வதும் ஒன்றுபோல இருக்காது. ஒரு நோயாளியின் உடலுக்குள் வைக்கப்போகிற பொருளில் இப்படிப்பட்ட அதிர்ஷ்டக் கணக்கு கூடாது.

அடிட்டிவ் மேனுஃபேக்சரிங், அதாவது பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து உருவாக்கும் முறை, இங்கேதான் உள்ளே வருகிறது. சிற்பி கல்லைச் செதுக்கிக் கழிக்கிறார். குளவி மண்ணை உருட்டி உருட்டி வைத்துக் கூட்டைக் கட்டுகிறது. 3டி அச்சு குளவியின் வழி. செதுக்குகிறவரின் உளியால் கல்லின் நடுவே போக முடியாது. அடுக்கிக்கொண்டு வருகிறவருக்கோ ஒவ்வொரு கட்டத்திலும் நடுப்பகுதி திறந்தே இருக்கிறது, அங்கே எதை வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்று தீர்மானிக்கலாம். உள்ளே இருக்கிற வெற்றிடத்தையும் திட்டமிட்டுச் செய்ய முடிகிறது.

இந்த இயந்திரங்களின் வரலாறு மருத்துவத்தில் தொடங்கவில்லை. ஒளி பட்டால் இறுகும் திரவத்தை அடுக்கடுக்காக இறுக்கும் முறைக்கு சக் ஹல் 1986இல் காப்புரிமை பெற்றார். உருக்கிய பிளாஸ்டிக்கை இழையாகப் பிழியும் முறையை 1980களின் இறுதியில் ஸ்காட் கிரம்ப் உருவாக்கினார். மகளுக்காகப் பசைத் துப்பாக்கியால் ஒரு பொம்மைத் தவளை செய்யப் போய் அந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். தூளைப் பரப்பி லேசரால் ஒட்டவைக்கும் முறையும் அதே காலத்தில் வந்தது. மூன்றுமே இன்று சாரம் செய்யப் பயன்படுகின்றன. சிங்கப்பூர்ப் பொத்தான் இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதால் அதையே பார்ப்போம்.

இடியாப்ப நாழியும் இந்த இயந்திரமும் தத்துவத்தில் ஒன்றே. மாவுக்குப் பதிலாக பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமர். சுருக்கமாகப் பிசிஎல். சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் கையாள்வதற்கு எளிது. உருகிய பிசிஎல் நுண்ணிய முனை வழியாக, சேமியாவைவிட மெல்லிய இழையாக வெளியே வருகிறது. நோயாளியின் சிடி ஸ்கேனிலிருந்து குறைபட்ட எலும்பின் வடிவத்தைக் கணினியில் எடுத்து, வேண்டிய துண்டை வரைந்து, கிடைமட்டமாக அடுக்கடுக்காக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் இயந்திரத்துக்கு ஒரு கோலம் மாதிரி, இங்கிருந்து அங்கே கோடு இழு என்ற கட்டளை. முதல் அடுக்கில் இணையான கோடுகள். அது இறுகியதும் இரண்டாவது அடுக்கு 60 பாகை திரும்பி முதல் அடுக்கின் மேல் குறுக்கே விழுகிறது. மூன்றாவது 120 பாகை. மேலிருந்து பார்த்தால் முக்கோணத் துளைகள், பக்கத்திலிருந்து பார்த்தால் இழைகளுக்கு நடுவே சந்துகள். எல்லா வாசலும் திறந்திருக்கும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டீட்மார் ஹுட்மாகர், தியோ ஸ்வீ ஹின் முதலானோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு தகவல் உண்டு. அதை முதலில் படித்தபோது நான் வியந்து போனேன். ஒரே பிசிஎல், வெற்றிடத்தின் பங்கும் ஏறக்குறைய ஒன்றேதான், 61 சதவீதம். ஒரு சாரத்தில் இழைகளை மூன்று கோணங்களில் அடுக்கினார்கள், இன்னொன்றில் ஐந்து கோணங்களில். அழுத்திப் பார்த்தால் மூன்று கோணச் சாரத்தின் விறைப்பு மற்றதைப் போல இரு மடங்கு! பொருள் மாறவில்லை, பொருளின் அளவும் மாறவில்லை. வெற்றிடத்தை எப்படி ஒழுங்குபடுத்தினார்கள் என்பது மட்டும் மாறியது. உப்பு முறையில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே முடிந்திருக்காது. இந்தக் குழுவின் வேலையிலிருந்து பிறந்த ஆஸ்டியோபோர் என்ற நிறுவனத்தின் சாரங்களுக்கு 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

அப்புறம், காலம். சாரம் கரைய வேண்டும் என்று சொன்னேன், எப்போது கரைய வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். எலும்பு வளரும் முன் கரைந்தால் எல்லாம் சரிந்துவிடும். வளர்ந்த பின்னும் கரையாமல் நின்றால் எலும்புக்கு இடைஞ்சல். கரைப்பது உடலில் உள்ள தண்ணீர்தான். பாலிமரின் நீண்ட சங்கிலியைத் தண்ணீர் அங்கங்கே துண்டிக்கிறது, துண்டுகள் சிறிதாகிச் சிறிதாகிக் கடைசியில் உடல் செரித்து வெளியேற்றிவிடுகிறது. பாலிகிளைகாலிக் அமிலம் என்ற பாலிமர் சில மாதங்களில் போய்விடும். பாலிலாக்டிக் அமிலத்துக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம், அது சிதையும்போது வெளிவரும் லாக்டிக் அமிலம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் திசுவை உறுத்தும். பிசிஎல் மிகவும் நிதானமானது, இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்.

இந்த நிதானம் ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. மூச்சுக்கிளைக் குழாய் வலுவில்லாமல், மூச்சை வெளியே விடும்போதெல்லாம் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் நோயோடு பிறந்த கைக்குழந்தை அது. 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் கிளென் கிரீனும் பொறியாளர் ஸ்காட் ஹாலிஸ்டரும் அந்தக் குழந்தையின் ஸ்கேனை வைத்து, குழாயை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கும் ஒரு சிறு கவசத்தை பிசிஎல் தூளிலிருந்து லேசரால் அச்சிட்டார்கள். குழாயை அதனோடு சேர்த்துத் தைத்தார்கள். குழந்தை வளர வளரக் குழாயும் விரிய வேண்டுமே என்று, கவசத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். மூன்று வாரத்தில் குழந்தையை வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடிந்தது. மூச்சுக்குழாய் தானாக வலுப்பெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும், கவசம் கரையவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். இது செல்கள் ஏறி வளரும் சாரம் அல்ல, தாங்கிப் பிடிக்கும் கவசம்தான். ஆனாலும் வளர்ச்சியின் வேகத்துக்கும் கரைதலின் வேகத்துக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது கடினம்.

“எலும்புக்கு டைட்டானியம் வைத்துவிட்டால் நிரந்தரமாக இருக்குமே” என்று கேட்கலாம். பல இடங்களில் வைக்கிறார்கள், நன்றாகவே உதவுகிறது. ஆனால் டைட்டானியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. பாரத்தை எல்லாம் அதுவே வாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்புக்கு வேலையில்லாமல் போகும், வேலையில்லாத எலும்பு மெலியும். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே விரிவாக எழுதிவிட்டார். கரையும் சாரம் பாரத்தை மெல்ல மெல்லப் புது எலும்பிடம் ஒப்படைத்துவிட்டு விலகும். அதோடு எலும்பின் கனிமத்தை ஒத்த டிரைகால்சியம் பாஸ்பேட் தூளையும் பிசிஎல்லில் கலந்து அச்சிடுகிறார்கள், எலும்பு செல்களுக்கு அது பழகிய மண்.

அச்சிட்டு எடுத்தவுடன் வேலை முடிந்துவிடாது. பிசிஎல்லில் தண்ணீர் எளிதில் ஒட்டாது. தண்ணீர் ஒட்டாத இடத்தில் செல்லும் எளிதில் ஒட்டாது. அதனால் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து இழைகளின் மேற்பரப்பைச் சுரசுரப்பாக்கி, தண்ணீரை ஏற்கும்படி செய்கிறார்கள். கிருமி நீக்கமும் ஒரு தலைவலி. அறுவைக் கருவிகளை வைக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி. அதில் பிசிஎல் சாரத்தை வைத்தால் திறந்து பார்க்கும்போது ஒரு வெள்ளைப் பசைதான் மிஞ்சும். எத்திலீன் ஆக்சைடு வாயுவோ காமா கதிர்வீச்சோதான் வழி.

செல்களை எங்கிருந்து கொண்டுவருவது? ஆய்வகத்தில் வளர்த்துச் சாரத்தில் விதைக்கலாம். ஆனால் மண்டை ஓட்டுப் பொத்தானுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. துளைக்குள் பொருத்தியதும் சுற்றியுள்ள எலும்பின் ரத்தமும் மஜ்ஜையும் அதற்குள் ஊறுகின்றன. தேவையான செல்கள் அதிலேயே இருக்கின்றன. மருத்துவர் கொழுகொம்பை மட்டும் நடுகிறார், கொடி நோயாளியுடையது. செய்தித்தாள்களில் “உறுப்புகளை அச்சிடும் இயந்திரம்” என்று தலைப்பு வரும்போது இந்த வேறுபாடு அடிபட்டுப் போவதில் எனக்கு வருத்தம் உண்டு. உயிருள்ள செல்களையே ஜெல்லில் கலந்து அச்சிடும் பயோபிரிண்டிங் என்ற துறையும் இருக்கிறது, தோலிலும் குருத்தெலும்பிலும் அங்கே அருமையான வேலை நடக்கிறது. ஆனால் நோயாளிகளின் உடலில் பல ஆண்டுகளாக இருந்து, பயன் தந்துகொண்டிருப்பவை பெரும்பாலும் செல் கலக்காத எளிய சாரங்கள்தான். அவற்றுக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும்.

பொத்தான் அளவில் இவ்வளவு நன்றாக நடப்பது பெரிய துண்டில் ஏன் நடக்கக் கூடாது? அங்கேதான் வக்கான்டியின் பழைய கவலை திரும்பி வருகிறது. உடலில் ஏறக்குறைய எந்தச் செல்லும் ரத்த நுண்குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதில்லை, ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் ஊறிப் போகும். சாரம் சில சென்டிமீட்டர் கனமாகிவிட்டால் ஓரத்தில் எலும்பு வளரும், நடுவில் போய்ச் சேர்ந்த செல்கள் பட்டினியில் இறக்கும். ரத்தக் குழாய்கள் தாமாக வளர்ந்து நடுவரை வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும், செல்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. இன்றைக்கு இந்தத் துறையின் மிகப் பெரிய முட்டுக்கட்டை எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஹுட்மாகர் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் போனார். 2017இல் அந்த நகரத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் கடுமையான கிருமித் தொற்று, ஓர் அடிக்கும் மேல் நீளமான எலும்பை வெட்டி எடுக்க வேண்டிய நிலை. பொதுவாகக் காலையே எடுத்துவிடுவார்கள். அவருடைய எலும்பின் வடிவத்தில் பிசிஎல்லும் டிரைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்த ஒரு நீண்ட சாரத்தை அச்சிட்டார்கள், அச்சானது சிங்கப்பூரில். ஆனால் அதை அப்படியே வைத்துவிடவில்லை. அவருடைய இரண்டு கால்களிலிருந்தும் ரத்த ஓட்டமுள்ள திசுவைக் குழாய்களோடு எடுத்து, சாரத்தோடு சேர்த்துவைத்து, அந்த ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியின் கீழ் இணைத்தார்கள். அறுவை மணிக்கணக்கில் நீண்டது. ரத்தக் குழாய்களை அச்சிட அவர்களிடம் வழி இல்லை, அதனால் அவருடைய காலிலிருந்தே கடன் வாங்கினார்கள். மண்டை ஓட்டுப் பொத்தானில் இருந்த அதே குறுக்கு நெடுக்கு இழைகள்தான் இந்தச் சாரத்திலும்.